காலையில் மட்டும் உதறும் இன்ஜின்

இரவு முழுக்க நின்ற பெட்ரோல் காரைக் காலையில் கிளப்பியதும் இன்ஜின் உதறும், ஆர்.பி.எம். முள் ஏறி இறங்கும், சில நாள் அப்படியே அணைந்தும் போகும். இரண்டு மூன்று நிமிடம் கழிந்தால் எதுவும் நடக்காததுபோல் சீராகிவிடும். இந்த ரகக் கோளாறுக்குப் பட்டறையில் வைத்தியம் பார்ப்பது கடினம். வண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடேறி, கோளாறு ஒளிந்துகொண்டிருக்கும். மெக்கானிக் பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டால் குறை சொல்ல எதுவும் இருக்காது. பிறகு நடப்பதெல்லாம் ஊகம்தான்: முதலில் ஸ்பார்க் பிளக், அடுத்து த்ராட்டில் பாடி சுத்தம், அதற்கடுத்து இன்ஜெக்டர், கடைசியில் விலை கூடிய ஏதோ ஒரு சென்சார். பில் ஏறிக்கொண்டே போகும், காலை உதறல் மட்டும் அப்படியே இருக்கும். உதறல் எத்தனை வினாடி நீடிக்கிறது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை யாரும் குறித்துவைப்பதில்லை. பாதி நோயை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

இன்ஜினுக்குக் குளிர் என்பது மனிதருக்குக் குளிர் என்பதிலிருந்து வேறு. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும் இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டிப் போகும். சென்னையில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. ஆனால் இன்ஜின் நிம்மதியாக ஓடும் வெப்பநிலை 85 முதல் 95 டிகிரி வரை. அந்தக் கணக்கில் சென்னையில் 25 டிகிரியில் நிற்கும் இன்ஜினும் அறுபது எழுபது டிகிரி குளிர்ந்து கிடக்கும் இன்ஜின்தான். மலையூரில் தொந்தரவு கூடுதலாகத் தெரியும். சமவெளியில் அது வராது என்று பொருளில்லை.

பெட்ரோல் திரவமாக எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகே எரியும். அது ஒரே பொருளுமல்ல. 35, 40 டிகிரியில் கொதிக்கும் இலேசான கூறுகள் தொடங்கி 200 டிகிரியில் கொதிக்கும் கனமானவை வரை கலந்த கலவை. சூடான இன்ஜினில் இன்ஜெக்டர் பீய்ச்சிய பெட்ரோல் முழுவதும் நொடியில் ஆவியாகிவிடும். குளிர்ந்த இன்ஜினில் இலேசான பகுதி மட்டுமே ஆவியாகும். மிச்சம் இன்டேக் போர்ட்டின் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த விகிதத்தில் ஆவி கிடைக்கவேண்டுமானால் குளிரில் கணக்குக்கு மேலேயே பெட்ரோலை ஊற்றியாக வேண்டும். போதாததற்கு, இரவெல்லாம் ஆறிய இன்ஜின் ஆயில் கெட்டியாக இருக்கும். அந்த இழுவையை எதிர்த்துச் சுழலவும் தனியாகக் கொஞ்சம் சக்தி தேவைப்படும்.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 காலத்தில் இந்த வேலையை ஓட்டுநரே செய்தார். சோக்கை இழுத்தால் கார்புரேட்டரின் காற்று வழி குறுகும், கலவை கெட்டியாகும். எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பது கைப்பழக்கம். பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்த பிறகு அந்தக் கைப்பழக்கத்தை இன்ஜினின் கணினியான இ.சி.யூ. எடுத்துக்கொண்டது, அது வேலையை மூன்று கட்டமாகப் பிரித்துச் செய்கிறது. செல்ஃப் அடிக்கும் ஓரிரு வினாடிக்கு மிகக் கெட்டியான கலவை. இன்ஜின் பற்றிக்கொண்டதும், சில பத்து வினாடிகளுக்குள் படிப்படியாகக் குறைந்துவிடும் கூடுதல் பெட்ரோல். அதன்பின் கூலன்ட் சூடேறும் அளவுக்கு ஏற்பக் குறைந்துகொண்டே வந்து, முழுச் சூட்டில் நின்றுபோகும் மூன்றாவது கூடுதல். அதே நேரத்தில் ஐடிலிங்கையும் 1200, 1500 சுற்றில் வைத்து, பிறகு 700, 800 வரை மெல்ல இறக்கும். உதறல் எந்த வினாடியில் வருகிறது, எப்போது போகிறது என்று பார்த்தால் இம்மூன்றில் எந்தக் கட்டம் சொதப்புகிறது என்பது தெரியவரும்.

அதற்கு முன் உதறுவது உண்மையில் கோளாறுதானா என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிஎஸ்-6 கார்களில் ஸ்டார்ட் ஆனதும் இ.சி.யூ. வேண்டுமென்றே ஸ்பார்க்கைத் தாமதமாகக் கொடுத்து, சூட்டைச் சைலன்சர் பக்கம் தள்ளும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சீக்கிரம் சூடேறினால்தான் புகை சுத்தமாகும் என்பதற்கான ஏற்பாடு இது. அந்த அரை நிமிடம் சத்தம் கரகரப்பாகவும் சற்றே முரட்டுத்தனமாகவும் இருக்கும், கவலைப்பட ஏதுமில்லை. ஆல்டோ, குவிட் போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் ஐடிலிங்கில் ஸ்டீயரிங் வரை அதிர்வு வருவது அந்த இன்ஜினின் பிறவிக் குணம். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் இறுகியோ கிழிந்தோ போயிருந்தாலும் காரே நடுங்கும், ஆனால் ஆர்.பி.எம். முள் அசையாது. ஒரு சிலிண்டர் எரியாமல் விடும் மிஸ்ஸிங் என்றால் முள் துடிக்கும். சைலன்சர் வாயருகே கையை நீட்டினால் சீரான மூச்சுக்கு இடையே ஒன்று விட்டுப்போவது உள்ளங்கையில் படும். பழைய மெக்கானிக்குகள் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்ப்பார்கள். காகிதம் படபடவென்று ஒரே தாளத்தில் அடித்தால் சரி. இடையிடையே உள்பக்கம் இழுக்கப்பட்டால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிப்பார்கள்.

கோளாறு உறுதியானால், வண்டியைச் சாயங்காலமே பட்டறையில் விட்டுவிடுவது நல்லது. மறுநாள் காலை மெக்கானிக் வந்துதான் முதல் ஸ்டார்ட் எடுக்க வேண்டும். பட்டறைப் பையன் வண்டியை நகர்த்தி வைக்க ஒரு தடவை கிளப்பிவிட்டால் அன்றைய சோதனை அத்தோடு போயிற்று. எட்டு மணி நேரமாவது மீண்டும் காத்திருக்க வேண்டும். வீட்டிலேயே பார்ப்பதானால் கைப்பேசியை டாஷ்போர்டை நோக்கி வைத்து, செல்ஃப் அடிப்பதற்கு முன்பிருந்தே வீடியோ எடுக்கலாம். முள், எச்சரிக்கை விளக்குகள், சத்தம், நேரம் நான்கும் பதிவாகிவிடும். ஏசி, விளக்கு, ஃபேன் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஆக்சிலேட்டரில் கால் படக்கூடாது. கதவு மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடாகாத அந்த நிமிடங்களில்தான் கார்பன் மோனாக்சைடு அதிகமாக வெளிவரும்.

ஸ்டார்ட் ஆன முதல் ஐந்து பத்து வினாடி மட்டும் உதறிவிட்டுத் தெளிந்தால், இரவில் எதுவோ கசிந்திருக்கிறது. கசியக்கூடியவை மூன்று: பெட்ரோல், கூலன்ட், ஆயில்.

சாதாரண மல்டி பாயிண்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் லைனில் சுமார் 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும். வண்டியை அணைத்த பிறகும் அது கணிசமாக நிற்க வேண்டும். டாங்குக்குள் பம்போடு இருக்கும் ஒருவழி வால்வு அதற்காகத்தான். அது தேய்ந்துபோனால் லைன் காலியாகி, காலையில் முதல் சில சுற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகும். இதற்குக் கருவி தேவையில்லாத ஒரு சோதனை உண்டு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, பின் சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு வினாடி உறுமி ஓய்வதைக் கேட்டு, அணைக்க வேண்டும். மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யும்போது உதறல் இல்லையென்றால் அழுத்தம் வடிவதே காரணம். வடிந்த பெட்ரோல் டாங்குக்குத் திரும்பாமல், மூடாத இன்ஜெக்டர் வழியாகச் சிலிண்டருக்குள் சொட்டியிருந்தால் கதை நேர்மாறு: கலவை மிகக் கெட்டியாகி இன்ஜின் திணறும், சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை அடிக்கும், கறுப்புப் புகை ஒரு மூச்சு வரும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் பெரும்பாலான இ.சி.யூ.க்கள் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். அப்படிச் செய்யும்போது சுலபமாகப் பற்றினால் சொட்டும் இன்ஜெக்டர் மேல் சந்தேகம் வலுக்கும்.

கூலன்ட் கசிவு இவற்றில் மோசமானது. ஹெட் கேஸ்கட்டில் மயிரிழை அளவு வழி விழுந்தால், அணைத்த பிறகும் அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் இரவோடிரவாக ஒரு சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் அந்தச் சிலிண்டர் மட்டும் சில வினாடி எரியாது, பிறகு ஆவியாகித் தெளிந்துவிடும். பின்னால் வெள்ளைப் புகை வரும், அதில் இனிப்பு கலந்த வாடை இருக்கும். குளிர்காலத்தில் எல்லா வண்டியிலும் நீராவி வருமென்பதால் புகையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் மட்டத்துக்குக் கோடு போட்டு வைத்து, வாரக்கணக்கில் குறைகிறதா என்று பார்ப்பது நம்பகமானது. காலையில் ஸ்டார்ட் செய்யாமலே பிளக்குகளைக் கழற்றினால் விஷயம் கண்ணுக்கே தெரியும்: மூன்று பிளக்கின் முனை பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவிவைத்ததுபோல் வெளுத்தும் இருந்தால் கூலன்ட் அங்கேதான் இறங்குகிறது. சாயங்காலம் கூலிங் சிஸ்டத்துக்குக் கைப்பம்பால் மூடியில் அச்சிட்ட அளவுக்கு அழுத்தம் ஏற்றி வைத்து, காலையில் முள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, பிளக் துளை வழியே போர்ஸ்கோப் கேமராவை விட்டால் பிஸ்டன் தலையில் நிற்கும் ஈரமே தெரியும். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீல நிறத் திரவம், எரிந்த வாயு கலந்தால் மஞ்சளாக மாறும்; அந்தச் சோதனையும் பட்டறைகளில் உண்டு. இதைக் கவனிக்காமல் விட்டால் ஒருநாள் சிலிண்டர் நிறையக் கூலன்ட் சேர்ந்து, செல்ஃப் அடிக்கும்போது கனெக்டிங் ராடே வளைந்துபோகலாம். ஆயில் கசிவு அவ்வளவு அவசரமில்லை: வால்வு சீல் இறுகிப்போனால் முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை ஒரு கொத்து வந்து நின்றுவிடும், ஆயில் சற்றே குறையும்.

அடுத்த ரகம், ஸ்டார்ட் நன்றாக ஆகி, பிறகு அரை நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டு நிமிடம் வரை உதறுவது. இந்த இடைவெளிக்கு ஒரு பொருள் உண்டு. சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சுமார் 300 டிகிரி சூடானால்தான் வேலை செய்யும். அதுவரை இ.சி.யூ. எரிந்த புகையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ள முடியாது. தொழிற்சாலையில் எழுதிவைத்த கணக்கை நம்பிப் பெட்ரோலை விடும். சென்சார் விழித்ததும் கலவையில் உள்ள குறையைக் கண்டு சரிக்கட்டிவிடும். அதனால் சூடானபின் வண்டி சரியாக ஓடுவது குறை நீங்கியதற்கு அத்தாட்சி ஆகாது. இ.சி.யூ.வில் பதிந்ததைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் என்ற எண் அந்தச் சரிக்கட்டலை அப்பட்டமாகக் காட்டும். அது 5 சதவீதத்துக்குள் ஏறி இறங்குவது இயல்பு. பிளஸ் 10 தாண்டினால் எங்கோ காற்று கூடுகிறது அல்லது பெட்ரோல் குறைகிறது. 2013 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் தயாரான கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானதால், கைப்பேசியோடு ப்ளூடூத்தில் பேசும் சின்ன அடாப்டரே இதைப் படித்துவிடும்.

காற்று கூடுவதற்குப் பெரும்பாலும் வாக்குவம் லீக் காரணம். இன்டேக் மேனிஃபோல்ட் இப்போது பிளாஸ்டிக். அதை ஹெட்டோடு சேர்க்கும் ரப்பர் வளையங்கள் பானெட்டுக்குள் வருடக்கணக்காக வெந்து இறுகியிருக்கும். குளிரில் சுருங்கி இடுக்கு விடும், சூட்டில் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஓஸ், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பி.சி.வி. ஓஸ், மூலையில் மறந்துபோன ரப்பர் மூடி எல்லாம் இதே வகை. காலையில் மட்டும் 'உஸ்' என்று மெல்லிய சத்தம் வந்தால் அதைத் தொடர்ந்து போகலாம். கார்ப் கிளீனரை இணைப்புகள் மேல் அடித்து, ஐடிலிங் மாறுகிறதா என்று பார்ப்பது பழைய முறை. குளிர்ந்த இன்ஜினிலும் காயில், ஒயர்களில் தீப்பொறி உண்டு என்பதால் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. புகையை உள்ளே செலுத்தி எங்கே வெளிவருகிறதென்று பார்க்கும் ஸ்மோக் மெஷின் இருக்கும் பட்டறையில் இந்த விளையாட்டுக்கு அவசியமே இல்லை.

ஒரு நுட்பத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். காற்றின் அளவை நேரடியாக அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் உள்ள கார்களில்தான் லீக் வழியே வந்த காற்று கணக்கில் சேராமல் கலவை மெலிந்து உதறும். நம் சாலைகளில் ஓடும் பல சிறிய கார்களில் அதற்குப் பதில், மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருக்கிறது. அங்கே லீக்கால் அழுத்தம் ஏறும், இ.சி.யூ. அதற்கேற்பப் பெட்ரோலும் கூட்டிவிடும். விளைவாக ஐடிலிங் உயர்ந்து நிற்கும். ஒரே ஒரு சிலிண்டரின் வாயருகே லீக் இருந்தால் மட்டும் அந்தச் சிலிண்டர் மெலிந்து மிஸ் ஆகும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து மேப் சென்சார் வண்டியில் வாக்குவம் லீக்கைத் தேடி நாள் கழிப்பவர்கள் உண்டு.

த்ராட்டில் பாடியும் இந்த ரகத்தில்தான் சேரும். ஐடிலிங்கில் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். விளிம்பைச் சுற்றி ஒரு கீற்று இடைவெளி மட்டும்தான். பி.சி.வி. வழியே வரும் ஆயில் ஆவி அந்த விளிம்பில்தான் படிந்து கறுப்பு வளையமாக இறுகும். கீற்று அடைபடும்போது சூடான இன்ஜின் சமாளித்துக்கொள்ளும். காற்றும் சக்தியும் கூடுதலாகத் தேவைப்படும் குளிர்ந்த இன்ஜின் தடுமாறும். ஐடில் கன்ட்ரோல் வால்வு தனியாக உள்ள பழைய எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் அதன் ஊசியும் இருக்கையும் கரியேறி ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்யும் முறையில் கவனம் தேவை. மின் மோட்டார் வைத்த த்ராட்டிலை விரலால் தள்ளித் திறந்தால் உள்ளே பற்சக்கரம் பழுதாகலாம். துணியில் கிளீனரை நனைத்துத் துடைப்பதே போதும். சுத்தம் செய்தபின் ஐடிலிங் சில நாள் உயர்ந்து நிற்பதும் இயல்பே. அழுக்கோடு இருந்த நிலைக்கு இ.சி.யூ. பழகியிருந்தது; புதிதாகக் கற்றுக்கொள்ள நேரமோ ஸ்கேனர் வழியே ரீலேர்னோ வேண்டும். பேட்டரி மாற்றிய மறுநாள் தொடங்கும் உதறலுக்கும் பெரும்பாலும் இ.சி.யூ. பழகியதை மறந்துவிடுவதே காரணம்.

மூன்றாவது ரகம் வெப்பநிலை முள் ஏறும்வரை, அதாவது நான்கைந்து நிமிடமோ அதற்கு மேலுமோ, விடாமல் உதறுவது. இங்கே முதல் சந்தேகம் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் மேல். கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைத் துண்டு. விலை குறைவு, ஆனால் குளிர் ஸ்டார்ட்டுக்கான கூடுதல் பெட்ரோல் முழுவதும் அதன் ஒரு வார்த்தையை நம்பியே நடக்கிறது. உள்ளே இருப்பது சூடேறச் சூடேற மின்தடை குறையும் தெர்மிஸ்டர். பொதுவாக 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுமாருக்கு இறங்கும். முழுக்கச் செத்துவிட்டால் நல்லது. ஒயர் அறுந்தால் இ.சி.யூ.வுக்கு மைனஸ் 40 டிகிரி என்று தெரியும், உடனே பி0118 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) பதிந்து இன்ஜின் விளக்கு எரியும். சாகாமல் பொய் சொல்லும் சென்சார்தான் தொல்லை. 25 டிகிரி இன்ஜினை 60 டிகிரி என்று அது சொன்னால் கோடும் விழாது, விளக்கும் எரியாது. பெட்ரோல் மட்டும் போதாமல் வண்டி உதறும். நேர்மாறாகக் குளிர்ந்திருப்பதாகச் சொன்னால் பிளக் கரியேறும், மைலேஜ் விழும்.

இந்தப் பொய்யைப் பிடிக்க எளிய வழி காலையில்தான் உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியில் எல்லாப் பாகமும் ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்கும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்வரும் காற்றின் வெப்பநிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் மூன்று நான்கு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். காற்று 24, கூலன்ட் 41 என்று வந்தால் வேறு எதையும் கழற்றுவதற்கு முன் சென்சாரின் கப்ளரைப் பார்ப்பது நலம். பின்னில் பச்சை படிந்திருந்தாலும் எர்த் தளர்ந்திருந்தாலும் இதே கோணல் எண்தான் வரும். சென்சார் பாவம் நல்லதாக இருக்கலாம். சென்சாரையே சோதிக்க மல்டிமீட்டரும் வெந்நீர்ப் பாத்திரமும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். நீர் ஆற ஆற ஓம் மதிப்பு துள்ளாமல் சீராக ஏற வேண்டும்.

இதையொட்டி நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டி ஒருமுறை ஓவர்ஹீட் ஆனால் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிட்டு, 'நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்' என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜினில் கூலன்ட் முதல் நொடியிலிருந்தே ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டிருக்கும். சூடேறும் காலம் இரண்டு மூன்று மடங்கு நீளும், அதுவரை கெட்டிக் கலவை, கரியேறும் பிளக், கழுவப்படும் சிலிண்டர் சுவர். திறந்த நிலையில் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் இதையேதான் செய்யும். பி0128 என்ற கோடு அதற்குரியது. வெயில் ஊரிலும் தெர்மோஸ்டாட் இருந்தே ஆக வேண்டும்.

சென்சார் நல்லதென்றால் அடுத்தது வால்வின் முதுகில் படியும் கரி. குளிரில் பீய்ச்சிய பெட்ரோலை அது பஞ்சுபோல உறிஞ்சிக்கொண்டு சிலிண்டருக்குக் கொடுக்காது. ஊறி நிறைந்த பிறகே விடும். போர்ட்டில் பெட்ரோல் அடிக்கும் இன்ஜின்களில் டிடர்ஜென்ட் கலந்த எரிபொருளோ நல்ல அடிட்டிவோ இதை ஓரளவு கரைக்கும். நேராகச் சிலிண்டருக்குள் அடிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் வால்வைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. டாங்கில் எதை ஊற்றினாலும் வால்வுக்குப் போய்ச் சேராது. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுரண்டுவதே அங்கே வழி.

கேஸில் ஓடும் வண்டிகளுக்குத் தனிக் கதை. சிஎன்ஜி கார்களில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சற்றுச் சூடானபின் கேஸுக்கு மாறும். டாக்சி ஓட்டுபவர் டாங்கில் ஐந்து லிட்டரை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு ஓட்டுவார். பழைய பெட்ரோலில் இலேசான கூறுகள் பறந்துபோயிருக்கும். குளிரில் பற்றுவதற்கு வேண்டியவை அவைதாம். இன்ஜெக்டர் வாயிலும் பிசின் படியும். காலையில் உதறிய வண்டி சரியாகக் கேஸுக்கு மாறும் அந்த நொடியில் சீரானால், குறை பெட்ரோல் பக்கத்தில் இருக்கிறது. இன்ஜினைத் திறக்க வேண்டாம். கேஸுக்கு மாறிய பிறகும் உதறினால் டேப்பெட்டைப் பார்க்க வேண்டும். கேஸ் ஓட்டத்தில் வால்வு இருக்கை தேய்ந்து, வால்வு மேலேறி, டேப்பெட் இடைவெளி இல்லாமலே போகும். குளிரில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசிந்து, அலுமினிய ஹெட் சூட்டில் விரிந்தபின் இடைவெளி திரும்பக் கிடைத்து இன்ஜின் சீராகும். குளிர்ந்த நிலையில் ஃபீலர் கேஜால் அளந்தும், கம்ப்ரஷனைக் குளிரிலும் சூட்டிலும் எடுத்து ஒப்பிட்டும் இதை உறுதி செய்யலாம். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 10, 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

2023-ல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய இ20 பெட்ரோலும் பேச்சில் அடிபடுகிறது. எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும், ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை விழுங்கும். 20 சதவீதம் கலந்த எரிபொருளுக்கு உகந்த காற்று விகிதம் 14.7-லிருந்து சுமார் 13.5-க்கு இறங்கும். இ20-க்கு எனத் தயாரான வண்டிகளில் இதற்குக் கணக்கு எழுதியிருப்பார்கள். பழைய வண்டிகள் சூடானபின் ஆக்சிஜன் சென்சார் உதவியால் சரிக்கட்டிக்கொள்ளும். சென்சார் விழிக்காத முதல் நிமிடத்தில் கலவை கொஞ்சம் மெலிந்தே இருக்கும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினுக்கு இது ஒரு பொருட்டில்லை. தேய்ந்த பிளக்கும் பாதி அடைத்த இன்ஜெக்டரும் ஏற்கெனவே இருந்தால், அதுவரை தெரியாத உதறல் வெளியே தெரியலாம். பழி எரிபொருள் மேல் போகும்.

பிளக்கும் காயிலும் மூன்று ரகத்துக்கும் பொதுவானவை. மெலிந்த அல்லது ஈரமான கலவையைப் பற்றவைக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதால், தேய்ந்து அகன்ற பிளக் இடைவெளியும் விரிசல் விட்ட காயில் ரப்பரும் குளிரில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பி0302 என்ற கோடு இரண்டாம் சிலிண்டர் மிஸ் ஆவதைச் சொல்கிறது. அந்தச் சிலிண்டரின் காயிலை மூன்றாவதோடு இடம் மாற்றிப் போட்டு, மறுநாள் காலை கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்த இரவு பிளக்கை மாற்றிப் போடலாம், அதற்கடுத்து இன்ஜெக்டரை. ஒரு ரூபாய் செலவில்லாத இந்தப் பொறுமையை எந்தப் புதுப் பாகமும் ஈடுசெய்யாது. ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வித்தை மட்டும் வேண்டாம்: காயில் போகும், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுக்கும். இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிவதும் கன்வர்ட்டருக்கு ஆபத்து என்ற எச்சரிக்கையே.

டீசல் வண்டியில் ஸ்பார்க் இல்லாததால் தேடல் சுருங்கிவிடும். குளிரில் உதறி வெள்ளைப் புகை கக்கினால் முதலில் ஹீட்டர் பிளக்குகளையும் அவற்றின் ரிலேவையும் பார்க்க வேண்டும். நல்ல ஹீட்டர் பிளக்கின் மின்தடை ஓர் ஓம் சுமாரே இருக்கும். அறுந்தது முடிவிலி காட்டும். நான்கில் ஒன்று போனாலே அந்தச் சிலிண்டர் ஒரு நிமிடம் தாமதித்துத்தான் சேரும்.

எதை மாற்றினாலும் பலன் தெரிவது அடுத்த குளிர் ஸ்டார்ட்டில்தான். ஸ்கேனரில் கோடுகளை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படமெடுத்து வைக்க வேண்டும். கோளாறு பதிந்த கணத்தில் கூலன்ட் எத்தனை டிகிரி, ஆர்.பி.எம். எவ்வளவு, ஸ்டார்ட் ஆகி எவ்வளவு நேரம் என்பவை அதில் இருக்கும்; அழித்தால் திரும்பக் கிடைக்காது. அதன்பின் தொடர்ந்து சில காலைகள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக இ.சி.யூ. வைத்திருக்கும் மிஸ்ஃபயர் எண்ணிக்கையை ஸ்டார்ட் ஆன இரண்டு நிமிடத்துக்குப் பார்க்கலாம். காதுக்குச் சீராகத் தோன்றும் இன்ஜினிலும் ஒரு சிலிண்டரின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் வேலை இன்னும் பாக்கி. நான்கும் பூஜ்யத்தில் நின்றால் பில்லைக் கொடுத்துவிடலாம்.